கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்

தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் காம்பஸை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டுவிடுவார். தலையில் வழுக்கை விழ ஆரம்பித்த செய்தியை ஊருக்கு முதலில் அறிவித்தவர் அவர்தான். கல்யாண போட்டோவில் எல்லோரும் ஒரு பக்கம் பார்க்க, தான் மட்டும் வேறு பக்கம் பார்த்து விழித்துக்கொண்டு நிற்பதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறவரும் அவர்தான். குடிநீர் வாரிய அலுவலகத்தில், மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வரைபடம் போடுவது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. சம்பளம் தராத வேலை, காட்டு ஓட்டச் சங்கத்துக்கு வரைபடம் போடுவது. இரண்டாவதில்தான் அவருக்கு உயிர்.

அந்த ஓட்டத்துக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். கையில் ஒரு வரைபடமும் காம்பஸ் என்கிற திசைகாட்டியும் கொடுத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். மரத்துக்குப் பின்னால், பாறை இடுக்கில், ஓடை வளைவில் என்று ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சின்னக் கொடிகள் கட்டியிருக்கும். அவற்றை வரிசைப்படி கண்டுபிடித்துத் தொட்டுவிட்டு யார் சீக்கிரம் திரும்பி வருகிறாரோ அவருக்கு வெற்றி. காலும் வேண்டும், தலையும் வேண்டும். காம்பஸுக்கு இரண்டும் சுமார்.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு கூத்து. சங்கம் தொடங்கிய வருஷம், தன் கையால் தானே கட்டிய நான்காவது கொடியைத் தானே தேடி, கிடைக்காமல், பத்தொன்பது நிமிடம் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், களைத்துப்போய் அவர் முதுகு சாய்த்து உட்கார்ந்த மரத்திலேயே கொடி இருந்தது. சங்கத்தின் ஆண்டு விருந்தில் இந்தக் கதையை அவரே எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். பதினாறு வருஷமாக அதே கதை, அதே நடிப்பு, அதே சிரிப்பு.

இப்படிப்பட்ட மனுஷர், ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். வருடாந்தர நெடுந்தூர ஓட்டத்தில் ஆண்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு எட்டு. அந்த எட்டை நிர்ணயித்தது அவர் தயாரித்த அட்டவணை. அதில் கைவைக்க யாரையும் விடமாட்டார்.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மதியம் அவர் மனைவி வேலையிலிருந்து வந்து, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கடிதத்தைப் போட்டாள். அவள் தபால்காரி. காக்கிப் பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"யாருக்கு?" என்றார் காம்பஸ்.

"எனக்குத்தான். நானே அடுக்கி, நானே பையில போட்டு, நானே கொண்டாந்து என்கிட்டயே குடுத்துக்கிட்டேன். படிங்க."

ஓட்டச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சம்மேளனத்தின் கடிதம். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை அவர்கள் வெளிநாட்டுப் போட்டிக்கு ஒரு அணியை அனுப்புவார்கள். ஒவ்வொரு சங்கத்திலும் நெடுந்தூர ஓட்டத்தில் ஜெயிக்கும் பெண்ணுக்கு அதில் இடம். ஆனால் ஜெயித்த நேரம் எழுபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது நெடுந்தூர ஓட்டமே இல்லை. சென்ற வருஷம் அவள் ஜெயித்தது ஐம்பத்தைந்து நிமிடத்தில். ஆகவே வருந்துகிறோம். இவ்வருட ஓட்டம் விதிப்படி நடந்து அதில் வென்றால் சேர்த்துக்கொள்கிறோம்.

முப்பத்தைந்து வயதில் ஒரு முறை, முப்பத்தொன்பதில் ஒரு முறை என்று இதே பதில் ஏற்கெனவே இரண்டு தரம் வந்திருக்கிறது. இரண்டு தரமும் காம்பஸ், "சம்மேளனம்னாலே அப்படித்தான், விடு" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று. அடுத்த அணி போகும்போது நாற்பத்தேழு.

"நீங்க பன்னெண்டு ஓடறீங்க. நாங்க எட்டு. ஏன்?" என்று கேட்டாள்.

காம்பஸ் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கம் சொல்வதென்றால் அவருக்கு அப்படி ஒரு குஷி. "தூரம் முக்கியமில்ல. நேரம்தான் முக்கியம். ஆம்பளைங்கள்ல ஜெயிக்கிறவனுக்கு எண்பது நிமிஷம். பொம்பளைங்கள்லயும் ஜெயிக்கிறவங்களுக்கு எண்பது நிமிஷம். ரெண்டு பேருக்கும் ஒரே உழைப்பு. இதுதான் உண்மையான சமத்துவம். அட்டவணையில பொம்பளைங்க வேகம் கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம். எட்டு பத்து எண்பது. கணக்குன்னா கணக்கு."

"எனக்கு எப்பங்க எண்பது நிமிஷம் ஆச்சு? ஐம்பத்தஞ்சுல முடிச்சுட்டு, குளிச்சு, டீ வாங்கி வெச்சுக்கிட்டு உங்களுக்காக நின்னுட்டிருக்கேன். டீ ஆறிப்போனப்புறம் வந்து சேர்றீங்க."

"அது நீ. விதிவிலக்கு."

"போன வருஷம் அஞ்சு பேர் அறுபத்தஞ்சுக்குள்ள வந்தோம். அஞ்சு பேருமா விதிவிலக்கு?"

காம்பஸ் ரொட்டியை எடுத்துக்கொண்டார். "அறிவியல்" என்று ஒரு வார்த்தை மட்டும் மென்றபடியே சொன்னார்.

அறிவியலாவது ஒன்றாவது. உண்மையான காரணம் அவருக்கே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பாதை வேறு வேறாக இருக்கிறவரை அவர் நேரத்தையும் அவள் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாராலும் முடியாது. தூரம் ஒன்றாகிவிட்டால் பெயர்கள் ஒரே தாளில் வரும். வருஷா வருஷம் பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ ஆக வருகிற மனுஷர், பெண்டாட்டி பெயருக்குப் பத்து வரி கீழே போய் உட்கார வேண்டும். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வது ஒன்று. அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது வேறொன்று.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். அவள் இதைக் கிளப்பப்போகிறாள் என்று தெரிந்ததால், ஆதாரத்தோடு போய் ஒரே போடாகப் போட்டுவிடுவது என்று காம்பஸ் முடிவு செய்தார். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் எல்லோர் வாயும் அடைத்துவிடும். பெரிய ஆராய்ச்சி ஒன்றிலிருந்துதான் எடுத்திருப்பார். எந்த ஆராய்ச்சி என்பதுதான் நினைவில்லை.

சங்கத்தின் பழைய காகிதங்களெல்லாம் அவர் அலுவலக பீரோவில், குழாய் வரைபடச் சுருள்களுக்கு அடியில் கிடந்தன. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தும்மல் பிடித்துக்கொண்டது. முதல் வருஷத்து நோட்டுப் புத்தகம் அட்டை பிய்ந்து வந்தது. மூன்றாம் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே இருந்தது:

"பெண்கள் பாதை, சோதனை ஓட்டம். ஆறு கிலோமீட்டர். ஓடியவர்: நான். நேரம்: அறுபது நிமிடம். வலது காலில் சுளுக்கு, ஆகவே பெண்கள் வேகத்துக்குப் பொருத்தம். நான்காவது கொடி கிடைக்கவில்லை, பத்தொன்பது நிமிடம் போயிற்று. முடிவு: பெண்கள் வேகம் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்."

காம்பஸ் இரண்டு தடவை படித்தார். எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது சங்கத்தில் பெண்களே இல்லை. பாதை ஒன்று போட்டு வைத்தால் வருவார்கள் என்றார் தலைவர். யாராவது ஓடிப் பார்க்க வேண்டுமே? காலில் சுளுக்கோடு உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான். நொண்டுகிற ஆண் பிள்ளை ஓடினால் நல்ல காலுள்ள பெண் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து தலையாட்டினார்கள். அதில் ஒருவருக்கும் ஒரு கூச்சமும் இருந்ததாக நினைவில்லை. அந்த எண் அட்டவணைக்குப் போனது, அட்டவணை கம்ப்யூட்டருக்குப் போனது, கம்ப்யூட்டரிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்டு வெளியே வந்தபோது அது அறிவியலாகிவிட்டது.

ஆக, பதினாறு வருஷமாக அட்டவணையில் இருந்த அந்தச் சராசரிப் பெண் அவர்தான். நொண்டிக்கொண்டு, வழி தெரியாமல், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைப் பெண்.

விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், எங்கயாவது குழாய் வெடிச்சிருச்சா?" என்றார்.

சிரித்து முடித்தபின் பேனாவை எடுத்து, அறுபதில் பத்தொன்பதைக் கழித்து, ஆறால் வகுத்தார். கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. கிட்டத்தட்ட மனைவியின் வேகம். தொலைந்துபோன நேரத்தைக் கழித்திருந்தாலே போதும், பெண்கள் பாதை பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்திருக்கும். பதினாறு வருஷம் முன்பே வந்திருக்கும். பேனாவை மூடி வைத்தார். அப்புறம் சாயங்காலம் வரை ஒரு குழாய்கூட அவரால் நேராக வரைய முடியவில்லை.

நோட்டை அப்படியே சுருளுக்கு அடியில் திருப்பி வைத்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. வைக்கவும் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். எப்படிச் சொல்வது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

கூட்டம் நடந்தது சங்கத் தலைவரின் பல் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில். ஞாயிறு ஆனதால் நோயாளிகள் இல்லை. சொத்தைப் பல் படத்துக்குக் கீழே மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கடிதத்தைப் படித்துக் காட்டி, "இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே தூரம் வைங்க" என்றாள்.

பல் டாக்டர் தாடையைத் தடவினார். "கேக்கறது நியாயம்தான்மா. ஆனா பன்னெண்டு கிலோமீட்டர்னா புதுசா வர்ற பொண்ணுங்க பயந்துட மாட்டாங்களா?"

"நான்தான் சார் புதுசு," என்றாள் நூலகத்தில் வேலை செய்யும் பெண். இருபத்துநாலு வயது, சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, சென்ற ஓட்டத்தில் மனைவிக்கு அடுத்து வந்தவள். "எனக்குப் பயமா இருக்கான்னு என்னையில்ல கேக்கணும்?"

"நேரம் சமமா இருந்தாப் போதாதா?" என்றார் இன்னொருவர். "நம்ம காம்பஸ் அட்டவணை என்னத்துக்கு இருக்கு?"

காம்பஸ் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண்டு விருந்தில் நிற்பதுபோல நின்றார். "அந்த அட்டவணையில இருக்கிற பொம்பளை யாருன்னு உங்க எல்லாருக்கும் அறிமுகப்படுத்தணும்," என்று ஆரம்பித்தார். நோட்டைப் படித்தார். நொண்டிக் காட்டினார். இல்லாத மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "ஐயோ, என் கொடிய யாராவது பாத்தீங்களா?" என்று பெண் குரலில் கேட்டார்.

அறை கொல்லென்று சிரித்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த சிரிப்பிலேயே எல்லோர் கையும் மேலே போனது. இருவருக்கும் ஒரே பாதை, பன்னிரண்டு கிலோமீட்டர், இனி யாரும் எந்தக் கணக்கும் போட வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. கொடிகளை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பைப் பல் டாக்டர் ஏற்றுக்கொண்டார். காம்பஸின் முதுகில் நாலு பேர் தட்டினார்கள். இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டோமே என்று அவருக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு நடந்தார்கள். அவள் தபால் நடை நடந்தாள். அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"நல்லா சிரிக்க வெச்சீங்க," என்றாள்.

"நீ சிரிக்கலையே?"

"இல்ல."

"நான் யாரையும் சொல்லலியேம்மா. என்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிட்டேன்?"

அவள் நின்றாள். பூட்டியிருந்த துணிக்கடை வாசல் அது. "அதத்தான் சொல்றேன். உங்க தப்ப நீங்களே சொல்லி நீங்களே சிரிச்சுட்டா, அதுக்கப்புறம் அடுத்தவங்க வாயைத் திறக்க முடியாது. திறந்தா, பாவம் அந்த மனுஷனே ஒத்துக்கிட்டாருன்னு என்னைத்தான் சொல்வாங்க. எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரயில விட்டீங்க, அது ஒரு ஜோக்கு. வீட்டுச் சாவிய தொலைச்சு மழையில என்னை ரெண்டு மணி நேரம் நிக்க வெச்சீங்க, அது ஒரு ஜோக்கு. இப்ப இது. பதினஞ்சு வருஷமா நான் ஓடினது உங்க சுளுக்குக் காலோட தூரம். மூணு கடுதாசி வாங்கியிருக்கேன். இதுல நான் எந்த இடத்துல சிரிக்கணும்னு சொல்லுங்க, சிரிக்கிறேன்."

காம்பஸ் வாயைத் திறந்தார். அந்த நிமிடத்திலும் நாக்கு நுனியில் ஒரு ஜோக்தான் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஓட்டத்தன்று வெயில் ஏறுவதற்கு முன்பே எல்லோரும் காட்டு விளிம்பில் கூடிவிட்டார்கள். ஆணும் பெண்ணும் கலந்து, சீட்டுக் குலுக்கி, இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். காம்பஸ் கிளம்பி எட்டு நிமிடம் கழித்து அவளுடைய முறை.

ஆறு கொடிகளை அவர் ஒழுங்காகவே பிடித்தார். ஏழாவதைத் தேடி ஒரு சரிவின் அடியில் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றபோது, மேலே சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் வந்துகொண்டிருந்தாள். வரைபடத்தை நாலாக மடித்துக் கட்டைவிரலால் இடத்தைப் பிடித்திருந்தாள். காலுக்குக் கீழே பார்க்கவே இல்லை. சரிவில் கிடந்த மரத்தைத் தாண்டினாள், முள் கையைக் கீறியது, அதையும் பார்க்கவில்லை. புருஷன் நிற்பதையும் பார்க்கவில்லை, பார்த்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் அரை மணியாகத் தேடினாலும் கிடைத்திருக்காத பாறை இடுக்குக்கு நேராகப் போய்க் கொடியைத் தொட்டுவிட்டு, மரங்களுக்குள் போய்விட்டாள்.

காம்பஸ் அப்படியே நின்றார். பதினைந்து வருஷத்தில் அவள் ஓடி அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவள் பாதை எப்போதும் வேறு, அவர் பாதை வேறு. குளித்து டீயோடு நிற்கும் பெண்ணைத்தான் அவருக்குத் தெரியும். இப்படி ஓடுகிற ஒருத்தியோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று இருந்தது. பெருமையும் வந்தது, அவமானமும் வந்தது. அதில் இன்னும் இரண்டு நிமிடம் போயிற்று.

தொண்ணூற்றாறு நிமிடத்தில் வந்து சேர்ந்தார். வேனின் பக்கவாட்டில் முடிவுத் தாளை ஒட்டியிருந்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே தாளில். அவர் பெயர் இருபத்தாறாவது. மனைவியின் பெயருக்கு எத்தனையோ வரி கீழே. பதினைந்து வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது எல்லோர் கண்ணுக்கு எதிரிலும் தொங்கியது. ஒருத்தர் அதைப் பார்க்க வேண்டுமே! எல்லோரும் தாளின் மேல்பகுதியில்தான் விரலை வைத்துக்கொண்டு பேசினார்கள். அவர் பெயரை யாரும் தேடக்கூட இல்லை. இவ்வளவு பெரிய பயத்துக்கு இந்த மரியாதைதானா என்று கேட்கத் தோன்றியது.

அப்புறம்தான் அவரும் மேலே பார்த்தார். நூலகப் பெண், எழுபத்தெட்டு நிமிடம். அவர் மனைவி, எண்பத்திரண்டு.

நூலகப் பெண்ணைச் சுற்றி ஒரே சத்தம். பல் டாக்டர் சம்மேளனத்துக்கு அப்போதே போன் போட்டுக்கொண்டிருந்தார். காம்பஸ் மனைவியைத் தேடிப் போனார். வேனுக்கு அந்தப் பக்கம், புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒன்பதாவது கொடி வரைக்கும் நான்தான் முன்னாடி," என்றாள். "அதுக்கப்புறம் கால் பிடிச்சுக்கிச்சு. தலை ஓடுது, வழி தெரியுது, எல்லாம் தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது." தொடையை இன்னும் அழுத்தினாள். "முப்பத்தஞ்சுல கேட்டிருக்கும்."

"ஆமா," என்றார். "கேட்டிருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். பதினேழு வருஷத்துப் பழக்கம், ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் அவரிடமிருந்து இன்னொன்று வரும், அதில் சிரிப்பு இருக்கும்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், வியர்வையோடு வியர்வையாக வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தொடையைப் பிடித்திருந்த கைகளை எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. சற்றுப் பொறுத்து வலது காலை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"ஷூவக் கழட்டி விடுங்க. குனிய முடியல."

அவர் மண்டியிட்டு, சேறு காய்ந்து இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். லேசில் அவிழவில்லை.